ஒன்றாம் இடத்து விளக்கு

சரக்கு லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அது எந்த மாடியும் இல்லை. கம்பிக்கதவுக்கு அப்பால், மூக்கை இடிக்கிற தூரத்தில், வெறும் செங்கல் சுவர்தான் தெரிந்தது.

“அண்ணி, மூணாவது மாடியை ரொம்ப சிம்பிளா கட்டியிருக்காங்க” என்றான் கொழுந்தன். “ஒரு ஜன்னல்கூட வைக்கலை.”

துப்பறிகிற அம்மா என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். அவனுக்கு அவள் அண்ணி, சொந்த அண்ணன் பெண்டாட்டி. அவளுக்கு அவன் கொழுந்தன், டிரைவர், உதவியாளன், அவசரத்துக்குச் சுவர் ஏறுகிறவன். வேலை நாலு ஆள் வேலை, சம்பளம் மட்டும் சொந்தக்காரன் சம்பளம். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அவன் அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

ஆனால் இப்போது அவன் ஜோக் அடித்ததற்குக் காரணம் வேறு. அடைத்த இடம் என்றால் அவனுக்குப் பயம். கக்கூஸில்கூடத் தாழ்ப்பாளை முழுதாகப் போடமாட்டான். கூண்டுக்குள் பல்பு ப்யூஸ் போயிருந்தது. உச்சியிலிருந்த கண்ணாடிக் கூரை வழியாக இறங்கிய பகல் வெளிச்சம், இங்கே வந்து சேர்வதற்குள் பாதி செத்துப்போயிருந்தது. சுவரோரமாகப் பத்துச் செம்புக் கம்பிச் சுருள்கள், டயர்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நடுவில் முக்காலியில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் நின்றதுகூட அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

கீழேயிருந்து ஒரு குரல் சுவரில் மோதி மோதி ஏறி வந்தது.

“மாமா! கரண்ட் போச்சு! கொஞ்சம் பொறுத்துக்கோங்க!”

“சரி மாப்ள!” என்று லிஃப்ட்காரர் குனிந்து கத்திவிட்டு, மறுபடி முக்காலிக்கே திரும்பினார். “ஸ்டோர்ல இருக்கானே, அவன் என் வீட்டுக்காரியோட தம்பி. பத்து வயசுல வந்தவன், எங்க வீட்டுலயே வளர்ந்தான். இங்க வேலைக்குச் சேர்த்து விட்டதும் நான்தான்.”

கொழுந்தன் போனை எடுத்துப் பார்த்தான். நாலு பக்கமும் இரும்பு. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. “அண்ணி, அண்ணன்கிட்ட நான் தைரியமா செத்தேன்னு சொல்லுங்க.”

“நீ செத்தா நானும்தான்டா இங்க இருப்பேன். பேசாம நில்லு.”

அவர்களை இங்கே வரவழைத்தது லிஃப்ட்காரரின் மனைவி. முந்தின நாள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். “அவர் எடுக்கலைம்மா. யார் எடுத்தாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க.”

திருட்டு விசித்திரமான திருட்டு. லாரியில் கம்பிச் சுருள்கள் வரும். வாசலில், எல்லோர் கண்ணெதிரிலும் ஒவ்வொன்றையும் எடை போட்டு, ஒரு தகரத் துண்டில் சாக்பீஸால் ஒரே ஒரு இலக்கம் எழுதிக் கட்டுவார்கள். நாற்பது கிலோ என்றால் 4, ஐம்பது என்றால் 5. நாற்பத்திரண்டு இருந்தாலும் 4தான், முப்பத்தெட்டு இருந்தாலும் 4தான். எந்தப் பத்துக்குப் பக்கமோ அந்தப் பத்து. தராசு முள் நட்டநடுவில் நின்றால் பெரிய பத்து. சுருளை உருட்டுகிறவன் தூரத்திலிருந்தே படிக்கட்டும் என்று முதலாளியம்மாவின் அப்பா கொண்டுவந்த வழக்கம் அது.

அப்புறம் சுருள்களை ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வெளியே எடுக்கும்போது முதலாளியம்மாவே வாசலில் நின்று ஒவ்வொன்றையும் மறுபடி எடை போட்டு, தகரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, லிஃப்டில் ஏற்றுவார். மூன்றாவது மாடியில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறவர்கள், வந்த சுருள்களை மொத்தமாகப் பெரிய தராசில் ஏற்றி, கிலோ பிசகாமல் எடை எடுப்பார்கள்.

முன்பெல்லாம் கீழ்க்கணக்குக்கும் மேல்கணக்குக்கும் நாலைந்து கிலோ முன்னே பின்னே இருக்கும். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச காலமாக ஒவ்வொரு நடைக்கும் ஐம்பது கிலோ வாக்கில் காணாமல் போனது. கீழே முதலாளியம்மாவின் கண். மேலே தராசு. நடுவே இந்தக் கூண்டு. கூண்டுக்குள் ஒரே ஆள். பழியைப் போட வேறு தலை தேட வேண்டியிருக்கவில்லை.

இன்று காலையும் முதலாளியம்மா பத்துச் சுருளைச் சரிபார்த்து அனுப்பிவிட்டு வெளியே போயிருந்தார். மதியம் வருவார். வந்ததும் லிஃப்ட்காரர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை மட்டும் போகும், போடாவிட்டால் போலீஸ்.

“ரெண்டு பேருக்கும் வீண் சிரமம்மா” என்றார் லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே. “நான் போட்டுடறேன். மாப்ளயும் அதைத்தான் சொல்றான். போலீஸ் வீட்டுக்கு வந்தா என் வீட்டுக்காரி தாங்க மாட்டா.”

“எடுக்காததை எடுத்தேன்னு சொல்வீங்களா அண்ணே?”

“இருபது வருஷமா இந்தப் பொட்டிக்குள்ளதாம்மா இருக்கேன். எனக்கே புரியல. கீழ சரியா இருக்கு, மேல குறையுது. நடுவுல நான் மட்டும்தான். நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். ஆனா வேற எப்படிக் குறையும்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லையே.”

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. அழுதிருந்தால் கொழுந்தனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் போய்க் கம்பிக்கதவை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது அசையவில்லை. சட்டைக்குள் வேர்வை ஊற்றியது.

அண்ணி மட்டும் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கறுப்புப் பெட்டியில் மூன்று கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டத்தில் மட்டும் சிவப்பாக ஒரு சைபர் எரிந்துகொண்டிருந்தது.

“அண்ணே, இது என்ன?”

“அது சும்மாம்மா. அந்தக் காலத்துல, தரையில பதிச்ச இந்தத் தட்டு மேல சரக்கை வச்சா அங்க எடை எரியும். இப்ப முதல் ரெண்டு கட்டமும் செத்துப்போச்சு. கடைசி மட்டும் எரியும். அதை வச்சு என்ன பண்றது? சரி பண்ணலாம்னு சொன்னேன். எதுக்கு மாமா வீண் செலவுன்னு மாப்ள விட்டுட்டான்.”

“நான் அதைக் கேக்கலை. எரியுதேன்னு கேக்கறேன். கரண்ட் போச்சுன்னு உங்க மாப்ள சொன்னாரே?”

லிஃப்ட்காரர் முக்காலியிலிருந்தே திரும்பிச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தார்.

“அப்ப இது மின்மினிப் பூச்சியா அண்ணி?” என்றான் கொழுந்தன். சொல்லி முடித்த பிறகுதான் தன் ஜோக்கின் அர்த்தம் அவனுக்கே புரிந்தது. கரண்ட் இருக்கிறது. கையெழுத்து ஆகிற வரை அண்ணி எதையும் துருவக்கூடாது என்று லிஃப்டின் மோட்டாரை மட்டும் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். தானாக மாட்டிக்கொள்வது வேறு, ஒருவன் வேண்டுமென்றே மாட்டிவிடுவது வேறு.

“ஒரு சுருளை உருட்டி அந்தத் தட்டு மேல ஏத்துடா.”

“எதுக்கு? முக்கால்வாசி செத்த மிஷினு.”

“உன்னைக் கூடத்தான் நான் வேலைக்கு வச்சிருக்கேன். ஏத்து.”

உருட்டினான். முதல் சுருளின் தகரத்தில் 4 என்று இருந்தது. சிவப்புக் கட்டம் 5 என்றது. அதை இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்றினான். தகரத்தில் 3, கட்டத்தில் 5. மூன்றாவதில் தகரம் 5, கட்டமும் 5. நாலாவதும் ஐந்தாவதும் ஏறி இறங்கின. கட்டம் ஐந்தைவிட்டு அசைய மறுத்தது.

“பார்த்தீங்களா, சிக்கிக்கிச்சு” என்று மூச்சு வாங்கினான் கொழுந்தன். “நம்மளை மாதிரியே.”

“சரி, நீ ஏறு.”

“நானா?”

“ஏறுடா.”

ஏறினான். கட்டம் 8 என்றது. அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுல அறுபத்தெட்டுன்னு சொன்னே இல்ல?”

“அதேதான். எட்டு சரியா வருது பாருங்க.”

“பத்தாம் இடத்து விளக்கு எரியாத வரைக்கும் உன் மானம் பிழைச்சுது. இறங்கு. மிஷின் சிக்கலை, நல்லாத்தான் வேலை செய்யுது. மிச்ச சுருளையும் ஏத்து.”

ஏற்றினான். 5, 5, 5, 5. கடைசிச் சுருளுக்கு மட்டும் 6.

அண்ணிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இது கொழுந்தனுக்குத் தெரிந்த அறிகுறி. வீட்டில் அண்ணன் பொய் சொல்லும்போதும் அவளுக்கு இப்படித்தான் வேர்க்கும்.

“முதல் சுருளோட எடை என்ன, சொல்லு.”

“தகரம் பத்தைச் சொல்லுது, கட்டம் ஒண்ணைச் சொல்லுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா நாப்பத்தஞ்சு. இதுல என்ன கஷ்டம்?”

“நாப்பத்தஞ்சு இருந்தா தகரத்துல என்ன எழுதியிருப்பாங்க?”

கொழுந்தன் யோசித்தான். நட்டநடுவில் நின்றால் பெரிய பத்து. “அஞ்சு. ஆனா நாலுன்னு இருக்கே. அப்படின்னா...” அவன் குரல் இறங்கியது. “முப்பத்தஞ்சா அண்ணி?”

“முப்பத்தஞ்சேதான். ஒரு கிலோ குறைஞ்சாலும் மூணு ஆயிடும், முதலாளியம்மா பிடிச்சுடுவாங்க. குறையலைன்னா நாலு, போன்னு விட்டுடுவாங்க. பத்து பேரை ரோட்டுல நிறுத்தி எடை பார்த்தா எல்லாருக்கும் கடைசி எண் அஞ்சாவா வரும்? லாரியில வந்தப்ப இதுல ஒண்ணு முப்பத்தெட்டு இருந்திருக்கும், இன்னொண்ணு நாப்பத்துமூணு இருந்திருக்கும். யாரோ ஒவ்வொண்ணையும் எடை போட்டுப் பார்த்து, எவ்வளவு வெட்டினா மாட்டிக்க மாட்டோமோ அவ்வளவு வரைக்கும் வெட்டியிருக்காங்க.”

“அந்த ஆறு?”

“அது மட்டும் ஒரு கிலோ பயந்துட்டாரு போல. இப்ப தகரத்தையெல்லாம் கூட்டு.”

கொழுந்தன் சுவரோரமாக விரலை நீட்டிக்கொண்டே நடந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு அடி வாங்கியவன், பயத்தில் கணக்கு நன்றாகவே வந்தது. “நாலு, மூணு, அஞ்சு, பன்னிரண்டு ஆச்சு. நாலு, நாலு, ஆறு, இருபத்தாறு. அஞ்சு, மூணு, நாலு, அஞ்சு... நாப்பத்துமூணு. எல்லாம் பத்து பத்தா இருக்கறதால பின்னாடி ஒரு சைபர். நானூத்து முப்பது கிலோ. ஒன்பது சுருள்ல அஞ்சு அஞ்சு குறையுது, நாப்பத்தஞ்சு. ஒண்ணுல நாலு. மொத்தம் நாப்பத்தொன்பது.” நின்றான். “அண்ணி, ஐம்பது கிலோ!”

“தனித்தனியா பார்த்தா ஒவ்வொண்ணும் சரி. கூட்டினாத்தான் ஓட்டை தெரியும். கூட்டற இடம் மேல, மூணாவது மாடி. அதனால லிஃப்டுக்குள்ள காணாமப் போன மாதிரி இருக்கு. இந்தக் கூண்டுக்குள்ள ஒரு கிராம்கூடக் குறையலை அண்ணே. இங்க ஏறும்போதே குறைஞ்சுதான் ஏறுது.”

லிஃப்ட்காரரின் முகத்தில் வெளிச்சம் வரும் என்று கொழுந்தன் காத்திருந்தான். வரவில்லை. வாசலில் எடை போட்ட பிறகு, முதலாளியம்மா பார்ப்பதற்கு முன்னால், சுருள்கள் எங்கே இருக்கின்றன, அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேயறைந்தவர்போல முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அவனா இருக்காதும்மா.”

அண்ணி அவர் பக்கமாகத் திரும்பினாள்.

“எனக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஆஸ்பத்திரியில என் பக்கத்துல உக்காந்திருந்தவன் அவன். என் பொண்ணு அவன் தோள்லதான் வளர்ந்தா. வேற யாராவது இருக்கும். நான் கையெழுத்துப் போட்டுடறேன், நீங்க இதை இப்படியே விட்டுடுங்க.”

கொழுந்தனுக்குக் கோபம் வந்தது. இரும்புக் கூண்டிலிருந்து எப்படியாவது வெளியே போய்விடலாம். இந்த மனிதர் உட்கார்ந்திருக்கிற கூண்டுக்கு எந்தப் பக்கம் கதவு என்றே தெரியவில்லை.

கீழேயிருந்து மறுபடி குரல் வந்தது. “மாமா! அம்மா வந்துட்டாங்க! பேப்பரோட நிக்கறாங்க!”

அண்ணி முக்காலியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “அண்ணே, அவர் இல்லைன்னு நீங்க நம்பறீங்க. நல்லது, பார்த்துடலாம். நான் ஒத்துக்கறேன், கையெழுத்துப் போடறேன்னு கீழ கத்துங்க. நிஜமாவே கரண்ட் போயிருந்தா நீங்க என்ன கத்தினாலும் இது நகராது. நகரலைன்னா உங்க மச்சான் மேல தப்பில்லைன்னு நானே எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

“நகர்ந்தா?”

“நகர்ந்தா உங்களுக்கே தெரியும்.”

அவர் முதலில் முக்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். பிறகு எழுந்து, கம்பிக்கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“மாப்ள! நான் ஒத்துக்கறேன்! நான்தான் எடுத்தேன்! கையெழுத்துப் போடறேன்!”

நகர வேண்டும் என்று கொழுந்தன் தனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் வேண்டிக்கொண்டான். பக்கத்தில் நின்ற மனிதர் நகரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார். அது அவர் கைவிரல்களிலேயே தெரிந்தது. கம்பியை அப்படி இறுக்கியிருந்தார்.

தலைக்கு மேலே மோட்டார் உறுமியது.

லிஃப்ட்காரர் திரும்பவே இல்லை. இருபது வருடமாக அவர் கைதான் பொத்தானை அழுத்தியிருக்கிறது. இன்று அந்தக் கை கம்பியை விடவில்லை. அண்ணிதான் எட்டி அழுத்தினாள். செங்கல் சுவர் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

கீழே கதவு திறந்தபோது முதலாளியம்மா ஒரு தாளோடு நின்றார். பக்கத்தில் ஸ்டோர்காரன், மாமாவைப் பார்த்ததும் ஓடிவந்து தோளைப் பிடித்தான். “நல்ல முடிவு மாமா. நான் இருக்கேன், பயப்படாதீங்க.”

“கரண்ட் வந்துடுச்சா தம்பி?” என்றாள் அண்ணி.

“இப்பத்தான் வந்துச்சும்மா.”

“கரண்டா?” முதலாளியம்மா நெற்றியைச் சுருக்கினார். “கரண்ட் எங்க போச்சு? லிஃப்ட் ரிப்பேர்னு இல்ல என்கிட்ட சொன்னே? அவர் கத்தினதும் நீதானே உள்ள போய் என்னமோ தட்டினே?”

ஸ்டோர்காரன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி நேரத்தை வீணாக்காமல் முதலாளியம்மாவை உள்ளே கூப்பிட்டு, சுருள்களை ஒவ்வொன்றாகத் தட்டில் ஏற்றிக் காட்டினாள். கொழுந்தன் உருட்டினான். 5. 5. 5. ஐந்தாவது சுருளில் முதலாளியம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“தினமும் முள் நட்டநடுவுல வந்து நிக்கும்” என்றார் மெதுவாக. “அப்பா சொன்னபடி நானும் பெரிய பத்துக்கே கொடுத்துக்கிட்டு இருந்தேன். தினமும் எப்படி நடுவுல நிக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே!”

ஸ்டோர்காரன் சமாளித்துக்கொண்டான். “அம்மா, நீங்க பார்த்து அனுப்பினதுக்கு அப்புறம் லிஃப்ட்லயே வெட்டியிருக்கலாம் இல்ல? மாமாவே ஒத்துக்கிட்டாரே?”

“வெட்டியிருக்கலாம்” என்றாள் அண்ணி. “ஆனா லிஃப்டுக்குள்ள வெட்டறவருக்கு அஞ்சு எதுக்கு தம்பி? அதுக்கப்புறம் சுருளைத் தனித்தனியா யாரும் எடை போடப் போறதில்லை. இஷ்டத்துக்கு வெட்டலாம். ஒரு சுருள்ல ரெண்டு, இன்னொண்ணுல பதினொண்ணு. அஞ்சுலயே நிறுத்தணும்னு யாருக்கு அவசியம்? அம்மாவோட தராசைத் தாண்டி வரவேண்டியவருக்குத்தான். அந்தத் தராசுக்கு முன்னாடி இந்தச் சுருள் இருக்கற இடம் ஒண்ணே ஒண்ணு. அதோட சாவி உங்க இடுப்புல தொங்குது.”

ஸ்டோர்காரனின் கை தன்னையறியாமல் இடுப்பைத் தொட்டு, சுட்டதுபோல் விலகியது. முதலாளியம்மா தாளை இரண்டாகக் கிழித்துவிட்டு, போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

“மாமா” என்றான் அவன். இப்போது அது பத்து வயதுப் பையனின் குரல்போல இருந்தது. “மாமா, அக்காவுக்குத் தெரிய வேணாம் மாமா.”

“அம்மா, ஒரு நிமிஷம்” என்று முதலாளியம்மாவைத் தடுத்தார் லிஃப்ட்காரர். தன் போனை எடுத்தார். எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, மச்சானிடம் நீட்டினார். “காலையிலிருந்து சாப்பிடாம உக்காந்திருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டா. நீயே சொல்லு.”

அவன் வாங்கவில்லை. லிஃப்ட்காரரே அவன் வாய்க்கு நேராகப் பிடித்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“என்னங்க? என்ன ஆச்சு? கையெழுத்து எதுவும் போட்டுடாதீங்க, நான் கிளம்பி வர்றேன்.”

“அக்கா” என்றான் அவன்.

“நீயாடா? மாமா எங்க? மாமாவை என்ன பண்ணாங்க?”

கொழுந்தன் தலையைத் திருப்பிக்கொண்டான். காது மட்டும் திரும்ப மறுத்தது.

“மாமா எதுவும் எடுக்கலைக்கா.”

“அது எனக்குத் தெரியாதாடா?” என்றாள் அக்கா. “யார் எடுத்தாங்க, அதைச் சொல்லு.”